ஆங்கிலத்தில் அறிவுரையும் வருத்தமும்: துணைவினைகளின் வரலாறு

ஆங்கிலத்தில் ஒருவருக்கு அறிவுரை கூறவும், நடந்து முடிந்ததை எண்ணி வருந்தவும் 'ஷுட்', 'ஆட் டு', 'குட்', 'மைட்' போன்ற துணைவினைகள் பயன்படுகின்றன. பள்ளி இலக்கணத்தில் இவை மோடல் துணைவினைகள் எனப்படும். 'யூ ஷுட் கோ' என்றால் 'நீ போவது நல்லது' என்னும் அறிவுரை. அதனுடன் 'ஹேவ்' சேர்ந்து 'யூ ஷுட் ஹேவ் கான்' என்றானால் 'நீ போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லை' என்னும் வருத்தமோ குறையோ ஆகிவிடும். நேற்று கேட்காத அறிவுரை இன்றைக்கு வருத்தமாவதை ஒரே சொல்லைக் கொண்டு ஆங்கிலம் சொல்லிவிடுகிறது.

இச்சொற்களில் முதன்மையான இரண்டும், அதாவது 'ஷுட்', 'ஆட்' ஆகியவை, தொடக்கத்தில் அறிவுரையையோ வருத்தத்தையோ குறித்தவை அல்ல. அவை கடனைக் குறித்தவை. கொடுக்க வேண்டிய பணத்தைச் சொன்ன சொற்கள் செய்ய வேண்டிய கடமையைச் சொல்லத் தொடங்கி, செய்யாமல் விட்டதைச் சொல்லும் சொற்களாக மாறியது சுமார் ஆயிரம் ஆண்டு வரலாறு.

கடனிலிருந்து கடமைக்கு

'ஷுட்' என்பது 'ஷால்' என்பதன் இறந்தகால வடிவம். ஏறத்தாழ கி.பி. 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இதன் மூலவினைக்குக் 'கடன்பட்டிரு' என்பது பொருள்களில் ஒன்று. அக்காலத்தில் பழைய ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட நற்செய்தி நூல்களில், எசமானனிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறாய் என்று கணக்குப்பிள்ளை கேட்கும் இடத்தில் இந்த வினையே வருகிறது. அங்கே அது துணைவினை அன்று. எண்ணெயும் கோதுமையும் கணக்கிடப்படும் கடனைச் சொல்லும் முழு வினை. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இதே வேரிலிருந்து பிறந்த 'ஷுல்ட்' என்னும் சொல் இன்றும் 'கடன்', 'குற்றம்' என்னும் இரு பொருளிலும் வழங்குகிறது.

'ஆட்' என்பதன் கதையும் இதற்கு அண்மையானது. அதன் மூலவினைக்கு 'உடைமையாகக் கொள்' என்று பொருள். அந்த ஒரே வினையிலிருந்து உடைமையைக் குறிக்கும் 'ஓன்', கடனைக் குறிக்கும் 'ஓ', கடமையைக் குறிக்கும் 'ஆட்' ஆகிய மூன்றும் வந்தன. 'கொடுப்பதற்கு என்னிடம் இருக்கிறது' என்பது 'நான் கொடுக்க வேண்டியிருக்கிறது' என்று பொருள் மாறியதே இதற்குக் காரணம். பிற்காலத்தில் 'ஹேவ்' என்னும் உடைமைவினை இதே பாதையில் நடந்து 'ஹேவ் டு' என்னும் கட்டாயத் தொடராயிற்று.

'ஆட்' நெடுங்காலம் 'கடன்பட்டிருந்தான்' என்னும் பழைய பொருளையும் விடாமல் வைத்திருந்தது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதற்பகுதியில், இளவரசன் ஆயிரம் பவுண்டு கடன்பட்டிருந்ததாக ஃபால்ஸ்டாஃப் சொன்ன செய்தியை விடுதிக்காரி சொல்லும்போது இச்சொல் அப்பொருளிலேயே வருகிறது. பின்னர் 'ஓ' என்பதற்கு 'ஓட்' என்னும் ஒழுங்கான இறந்தகாலம் நிலைத்தது. பணக்கணக்கை அது எடுத்துக்கொண்டது. 'ஆட்' அறக்கணக்கோடு நின்றுவிட்டது.

மற்ற துணைவினைகள் வேறு இடங்களிலிருந்து வந்தவை. 'கேன்' அறிவைக் குறித்தது. ஒன்றைச் செய்யத் தெரிந்தவனால் அதைச் செய்ய முடியும் என்பதால் 'தெரியும்' என்பது 'முடியும்' ஆயிற்று. 'மே' வலிமையைக் குறித்தது. 'வில்' விருப்பத்தைக் குறித்தது. 'மஸ்ட்' என்பதன் மூலவினை முதலில் 'அனுமதி பெற்றிரு' என்னும் பொருளையே தந்தது. கட்டாயப் பொருள் அதற்குப் பின்னர் வந்து சேர்ந்தது.

இறந்தகாலம் நிகழ்காலமானது

'ஹி கேன்', 'ஹி ஷால்' என்று சொல்லும்போது மற்ற வினைகளுக்கு வருவதுபோல இறுதியில் 'ஸ்' சேர்வதில்லை. மாணவர்கள் இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள். வரலாற்றில் இதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலம் தோன்றுவதற்கு முன்பே, அதன் தாய்மொழி நிலையில், இவ்வினைகளின் நிகழ்கால வடிவங்கள் இறந்தகால வடிவங்களாக இருந்தன. இறந்தகாலப் படர்க்கைக்கு 'ஸ்' விகுதி இல்லாததால் இவற்றுக்கும் இல்லாமல் போயிற்று.

ஒரு செயல் முடிந்ததால் உண்டான நிலையைச் சொல்லும்போது இறந்தகாலம் நிகழ்காலப் பொருள் தருவது பல மொழிகளில் உண்டு. தமிழில் 'புரிந்தது' என்று இறந்தகாலத்தில் சொன்னால் 'இப்போது எனக்குத் தெரியும்' என்றே பொருள்படும். அவ்வாறே 'அறிந்துகொண்டேன்' என்பது 'அறிவேன்' ஆகிக் 'கேன்' பிறந்தது. 'கடன்பட்டேன்' என்பது 'கடன்பட்டிருக்கிறேன்' ஆகி 'ஷால்' பிறந்தது என்று கருதப்படுகிறது.

நிகழ்காலமாகிவிட்ட இவ்வடிவங்களுக்குப் புதிய இறந்தகாலம் தேவைப்பட்டது. அப்படி உருவாக்கப்பட்டவையே 'ஷுட்', 'குட்', 'மைட்', 'மஸ்ட்' முதலியவற்றின் பழைய வடிவங்கள். ஆனால் அவையும் இறந்தகாலத்தில் நிற்கவில்லை. 'ஷுட்', 'ஆட்', 'மஸ்ட்' ஆகிய மூன்றும் மத்திய ஆங்கிலக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 1100 முதல் 1500 வரை, நிகழ்காலப் பொருளுக்கு நகர்ந்தன. ஒரே குடும்பத்தில் இறந்தகாலம் இரண்டாம் முறையாக நிகழ்காலமாயிற்று.

'குட்' என்பதன் எழுத்துக்கூட்டலில் வரும் 'எல்' எழுத்துக்கு அதன் மூலத்தில் இடமில்லை. 'ஷுட்', 'வுட்' ஆகியவற்றில் அந்த எழுத்து மூலத்திலிருந்தே இருந்தது. அவற்றைப் பார்த்து 15, 16ஆம் நூற்றாண்டுகளில் 'குட்' என்பதிலும் அது சேர்க்கப்பட்டது. இச்சொற்களை மக்கள் ஒரே அணியாக உணர்ந்தார்கள் என்பதற்கு அந்த எழுத்து ஒரு சான்று.

இவை முழு வினை என்னும் நிலையை இழந்து துணைவினைகளாக மட்டும் ஒடுங்கியதைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. டேவிட் லைட்ஃபுட் 1979இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றம் 16ஆம் நூற்றாண்டில் விரைவாக நிகழ்ந்தது என்று வாதிட்டார். ஃபிரான்ஸ் பிளாங்க், ஆன்டனி வார்னர் முதலியோர் அது பல நூற்றாண்டுகளாகப் படிப்படியாக நடந்தது என்று மறுத்தனர்.

அறிவுரைக்கு இறந்தகால வடிவம் ஏன்

இன்றைய செயலைப் பற்றிய அறிவுரைக்கு இறந்தகால வடிவம் ஏன் பயன்படுகிறது என்ற கேள்வி இயல்பாக எழும். ஆங்கிலத்தில் இறந்தகால வடிவம் காலத்தொலைவை மட்டும் குறிப்பதில்லை. உண்மையிலிருந்து விலகியிருப்பதையும், பேசுபவர் தன் வற்புறுத்தலைக் குறைத்துக்கொள்வதையும் அதுவே குறிக்கிறது. 'கேன் யூ' என்று கேட்பதைவிட 'குட் யூ' என்று கேட்பது பணிவானது. அவ்வாறே 'ஷால்' கட்டளையின் பக்கமும் 'ஷுட்' அறிவுரையின் பக்கமும் நின்றன. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளில் 'ஷால்' வருவதையும், பெரியவர் இளையவருக்குச் சொல்லும் புத்திமதியில் 'ஷுட்' வருவதையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

அறிவுரைச் சொற்கள் வலிமையில் வேறுபடுகின்றன. 'மஸ்ட்' மறுப்புக்கு இடம் தராது. 'ஆட் டு' பொதுவான அறத்தையோ முறையையோ சுட்டும். 'ஷுட்' பேசுபவரின் கருத்தாக நிற்கும். 'மைட்' ஒரு யோசனை மட்டுமே. 'ஹேட் பெட்டர்' என்னும் தொடர் கேளாவிட்டால் வரும் கேட்டையும் உள்ளடக்கியது. இத்தொடர் 'எனக்கு அது மேலாக இருக்கும்' என்னும் பழைய அமைப்பிலிருந்து வந்தது. 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமை 'நான்' என்னும் எழுவாயாக மாறியபோது வினையும் மாறி இன்றைய வடிவம் கிடைத்தது.

'ஷுட்' விட்டுவைக்கும் இந்த இடைவெளி இன்று தொழில்நுட்ப ஆவணங்களிலும் வரையறுக்கப்பட்டுள்ளது. இணைய நெறிமுறைகளை எழுதுவோருக்காக 1997இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2119 என்னும் ஆவணம், 'மஸ்ட்' என்பதை விலக்கில்லாத தேவை என்று கொள்கிறது. 'ஷுட்' என்பதைத் தகுந்த காரணம் இருந்தால், விளைவுகளை முழுவதும் எண்ணிப் பார்த்த பின், விலக்கக்கூடிய பரிந்துரை என்று கொள்கிறது.

வருத்தத்தின் வடிவம்

'ஷுட்' நிகழ்காலத்துக்கு நகர்ந்த பின், 'அன்றைக்குச் செய்ய வேண்டியிருந்தது' என்று சொல்ல அதனிடம் வடிவம் இல்லை. அதற்கு மீண்டும் ஓர் இறந்தகாலம் படைக்க முடியாது. எனவே ஆங்கிலம் இறந்தகாலத்தைத் துணைவினைக்குப் பின்னால் வரும் வினையில் வைத்தது. 'ஹேவ்' என்பதும் முடிந்த செயலைக் குறிக்கும் வினைவடிவமும் சேர்ந்து அந்த இடத்தை நிரப்பின. மத்திய ஆங்கிலத்தில் வளர்ந்த இவ்வமைப்பு 14ஆம் நூற்றாண்டில் சாசரின் எழுத்துகளில் இயல்பாகக் காணப்படுகிறது.

இதனால் மொழிக்கு ஒரு புதிய வசதி கிடைத்தது. கடமை இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதையும், அதைச் செய்யும் காலம் முடிந்துவிட்டது என்பதையும் ஒரே தொடர் சொல்லிவிடுகிறது. திருப்பித்தர முடியாத கடன் என்று இதை விளங்கிக்கொள்ளலாம். 'ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹர்' என்பவர் 'சொல்லவில்லை' என்று தனியாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தொடரிலேயே அந்த ஒப்புதல் இருக்கிறது.

இவ்வமைப்பு ஆங்கிலேயரின் பொதுவாழ்வில் வேரூன்றியதற்கு வழிபாட்டு நூல் ஒரு காரணம். இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் 1552ஆம் ஆண்டுப் பதிப்பில் பொதுப் பாவ அறிக்கை சேர்க்கப்பட்டது. செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் விட்டதையும், செய்யக்கூடாதவற்றைச் செய்ததையும் சபையார் சேர்ந்து அறிக்கையிடும் பகுதி அது. அங்கே இரு இடத்திலும் 'ஆட் டு ஹேவ்' என்னும் அமைப்பே வருகிறது. எழுத்தறியாதவரும் நூற்றாண்டுக் கணக்கில் அதைச் சேர்ந்து சொல்லி வந்தனர்.

துணைவினைக்குத் துணைவினை வருத்தத்தின் தன்மை வேறுபடும்.

'ஷுட் ஹேவ்', 'ஆட் டு ஹேவ்' ஆகியவை கடமை தவறியதைச் சொல்லும். தன்மையில் வந்தால் வருத்தமாகவும், முன்னிலையில் வந்தால் குறைகூறலாகவும் ஒலிக்கும்.

'குட் ஹேவ்' முடிந்திருந்தும் செய்யாததைச் சொல்லும். குற்றத்தைவிட நழுவிய வாய்ப்பே இதில் முன்னிற்கும்.

'மைட் ஹேவ்' நடந்திருக்கக்கூடிய வேறொரு வாழ்வைச் சொல்லும். ஜான் கிரீன்லீஃப் விட்டியர் 1856இல் வெளியிட்ட 'மாட் முல்லர்' என்னும் கவிதை இச்சொற்களை அமெரிக்காவில் பழமொழிபோல ஆக்கியது. ஒரு முறை சந்தித்து, ஒருவரை ஒருவர் விரும்பி, சொல்லாமலே பிரிந்த நீதிபதியும் உழவர் வீட்டுப் பெண்ணும் அதன் மாந்தர்கள்.

'நீடன்ட் ஹேவ்' வீணாகிப்போன செயலைச் சொல்லும். செய்தாகிவிட்டது, செய்திருக்கத் தேவையில்லை என்பது இதன் பொருள்.

'மஸ்ட் ஹேவ்' மட்டும் இவ்வரிசையில் சேர்வதில்லை. 'ஹி மஸ்ட் ஹேவ் கான்' என்றால் 'அவன் போயிருக்க வேண்டும்' என்னும் ஊகம். அதில் வருத்தம் இல்லை. கடமைப் பொருளில் 'மஸ்ட்' என்பதன் இறந்தகாலத்துக்கு 'ஹேட் டு' வருகிறது. ஆனால் 'ஹேட் டு' பெரும்பாலும் செயல் நடந்தே விட்டதைக் குறிக்கும். மறுப்புக்கு இடம் தராத சொல்லால் மீறலை எளிதில் சொல்ல முடிவதில்லை. செய்யவும் செய்யாமல் இருக்கவும் இடம் விடும் 'ஷுட்' அறிவுரைக்குப் பொருந்துவது எதனாலோ, வருத்தத்துக்குப் பொருந்துவதும் அதனால்தான்.

பேச்சில் 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுடவ்' என்று தேய்கிறது. அவ்வொலி 'ஆஃப்' என்பதன் மெலிந்த ஒலியோடு ஒத்திருப்பதால் பலர் 'ஷுட் ஆஃப்' என்று எழுதுகின்றனர். ஆசிரியர்கள் தவறென்று திருத்தும் இவ்வழக்கு புதியதன்று. 19ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே இது காணப்படுகிறது.

இலக்கண நூலாரின் விதிகள்

இத்துணைவினைகளுக்கு விதி வகுத்தவர்களில் முன்னோடி ஜான் வாலிஸ். முடிவிலிக்குரிய கணிதக் குறியீட்டை அறிமுகம் செய்த அதே கணித அறிஞர்தான் இவர். 1653இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில், தன்மையில் 'ஷால்' வெறும் எதிர்காலத்தைக் குறிக்கும், முன்னிலையிலும் படர்க்கையிலும் 'வில்' அதைச் செய்யும், மாற்றிச் சொன்னால் வாக்குறுதியோ மிரட்டலோ ஆகும் என்று வகுத்தார். யார்க் நகருக்கு அருகே வாழ்ந்த அமெரிக்கரான லிண்ட்லி மர்ரி 1795இல் வெளியிட்ட இலக்கணம் போன்ற பாடநூல்கள் இத்தகைய விதிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றன.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்களின் பேச்சு இவ்விதியைப் பின்பற்றவில்லை. நீரில் மூழ்கும் ஒருவர் 'ஷால்', 'வில்' இரண்டையும் மாற்றிக் கத்தியதால், அவர் சாக உறுதி பூண்டு, தன்னை யாரும் காப்பாற்றக் கூடாது என்று தடுப்பதாகக் கேட்டவர்கள் எண்ணி விட்டுவிட்டார்கள் என்னும் கதை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அது நகைச்சுவைக்காகச் சொல்லப்பட்டது. லண்டன் வழக்கை அளவுகோலாக்கிப் பிறரை எள்ளும் போக்கும் அதில் உண்டு.

தத்துவத்திலும் உளவியலிலும்

ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1740இல் வெளிவந்த 'மனித இயல்பு பற்றிய ஆய்வு' மூன்றாம் பாகத்தில் ஒரு நுட்பத்தைக் கவனித்தார். உலகம் எப்படி இருக்கிறது என்று பேசிக்கொண்டே வரும் நூலாசிரியர்கள், காரணம் காட்டாமலே எப்படி இருக்க வேண்டும் என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அவர் குறை. 'இஸ்' என்பதிலிருந்து 'ஆட்' என்பதற்குத் தாவும் இச்சிக்கல் இன்றும் அறவியலின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. பழைய கடனில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பது தெரியும். அறத்தில் 'ஆட்' என்னும்போது கடன் யாருக்கு என்பதே கேள்வியாகிறது.

உளவியலாளர் கேரன் ஹார்னி 1950இல் வெளியிட்ட நூலில் 'ஷுட்' என்பதன் கொடுங்கோன்மையைப் பற்றி எழுதினார். 'நான் இப்படி இருந்திருக்க வேண்டும்', 'இதைத் தாங்கியிருக்க வேண்டும்' என்று மனிதர் தம்மீதே சுமத்திக்கொள்ளும் கட்டளைகள் எவராலும் நிறைவேற்ற முடியாத உயரத்தில் இருப்பதை அவர் விளக்கினார். இங்கே கடன் கொடுத்தவரும் பட்டவரும் ஒருவரே.

தமிழ் வழக்குடன் ஒப்பீடு

தமிழிலும் 'கடன்' என்னும் சொல் வாங்கிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கும். சங்க இலக்கியத்திலேயே கடமைப் பொருள் உண்டு. எனினும் தமிழின் அறிவுரைத் துணைவினை அதிலிருந்து பிறக்கவில்லை. 'வேண்டும்' என்பது விரும்புதல், இரத்தல் என்னும் பொருளுடைய 'வேண்டு' என்பதிலிருந்து வந்தது. 'கூடாது' என்பது இயலாமையைக் குறித்துப் பின் தடையைக் குறித்தது.

ஆங்கிலம் கற்கும் தமிழர்க்கு இடர் தருவது 'செய்திருக்க வேண்டும்' என்னும் அமைப்பு. 'வாசலில் செருப்புக் கிடக்கிறது. அவன் வந்திருக்க வேண்டும்' என்றால் ஊகம். ஆங்கிலத்தில் 'மஸ்ட் ஹேவ்'. 'பத்திரிகை வைத்தோமே; அவன் வந்திருக்க வேண்டும்' என்றால் குறை. ஆங்கிலத்தில் 'ஷுட் ஹேவ்'. தமிழில் இடமும் தொனியும் பிரித்துக் காட்டுவதை ஆங்கிலம் இரண்டு சொற்களால் பிரிக்கிறது. மாற்றிப் பயன்படுத்தினால் வராதவர் வந்துவிட்டதாகப் பொருள்படும்.

மறுபுறம், 'சொல்லியிருக்கலாமே' என்பதன் ஏகாரமும், 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா' என்னும் வினாவும் தரும் உரிமை கலந்த வருத்தத்தை ஆங்கிலம் துணைவினையால் மட்டும் தந்துவிட முடியாது. அங்கே 'மைட் ஹேவ்' அல்லது 'குட் ஹேவ்' என்பதோடு குரலின் ஏற்ற இறக்கமும் சேர வேண்டும்.

இன்றைய நிலை

1961ஆம் ஆண்டின் அச்சு ஆங்கிலத்தையும் 1990களின் தொடக்க ஆண்டுகளின் அச்சு ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு ஜெஃப்ரி லீச் 2003இல் வெளியிட்ட ஆய்வு, 'மஸ்ட்', 'ஷால்', 'மே', 'ஆட்' ஆகியவை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குறைந்து வருவதைக் காட்டியது. 'நீட் டு' போன்ற புதிய தொடர்கள் வளர்ந்துள்ளன. மேலிருந்து கட்டளையிடும் தொனியைத் தவிர்க்கும் சமூக மனநிலையும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 'நீ இதைச் செய்தாக வேண்டும்' என்பதைவிட 'இதைச் செய்யும் தேவை உனக்கு இருக்கிறது' என்பது மென்மையாக ஒலிக்கிறது.

பழைய கடன் பொருளுக்கு மிக நெருக்கமாக 'ஷால்' நின்ற இடம் சட்டமும் ஒப்பந்தமும். அங்கும் அது விலகி வருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் எளிய நடையில் திருத்தப்பட்டபோது, கட்டாயமா அனுமதியா என்ற மயக்கம் தந்த 'ஷால்' நீக்கப்பட்டு, இடத்துக்கேற்ப 'மஸ்ட்', 'மே', 'ஷுட்' ஆகியவை இடப்பட்டன.

துணைவினைகள் குறைந்தாலும் வருத்தத்துக்கு 'ஷுட் ஹேவ்' என்பதே இன்றும் முதல் சொல்லாக இருக்கிறது. 'நீட் டு' என்பதிலிருந்து அதற்கு ஈடான வடிவம் இன்னும் உருவாகவில்லை.